அறிவியல் புனைவுத் தொடருக்குப் பழங்காலக் கிளைக்கதை எழுதுவது எப்படி?

நிலவில் சுரங்கம் தோண்டும் தொழிலாளர்களை வைத்து மூன்று சிறுகதைகள் எழுதியிருந்தேன். அந்தச் சுரங்கப் பாறைக்குள் ஓர் உயிர் இருக்கும். அதற்குக் கண் கிடையாது, காது கிடையாது. அதிர்வை வைத்தே ஆளைக் கண்டுபிடிக்கும். நாலாவது கதைக்கு என்ன செய்யலாம் என்று யோசித்தபோது, இதே உயிர் முந்நூறு வருஷத்துக்கு முன்னால் பூமியில் வந்து விழுந்திருந்தால் என்று ஒரு பொறி தட்டியது. உற்சாகத்தில் ஒரே ராத்திரியில் இருபது பக்கம் எழுதினேன். காலையில் எடுத்துப் படித்தால் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. கோயில் தூணில் விண்கலச் சிற்பம், ஓலைச்சுவடியில் நிலவின் வரைபடம், எல்லாம் முன்பே தெரிந்த ஒரு சித்தர். தமிழில் அறிவியல் புனைவு எழுத வருபவர்கள் பலரும் ஒருமுறையாவது விழுந்து எழுந்த பள்ளம்தான் இது.

தப்பு எங்கே என்று புரியச் சில மாதங்கள் ஆயிற்று. அந்தக் காலத்து ஆட்களுக்கு நான் எதிர்காலத்தைச் சொல்லிக் கொடுத்துவிட்டேன். எல்லாம் தெரிந்தவனுக்கு என்ன பயம், என்ன கதை? கதையைப் பழங்காலத்துக்குக் கொண்டுபோவதன் லாபமே அங்கே என்னென்ன இல்லை என்பதில்தான் இருக்கிறது. அதைப் பிடித்துக்கொண்டு எழுதுவதற்கான வழிமுறையைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்கிறேன்.

தொடங்குமுன் ஒரு சின்ன வேறுபாடு. ‘ப்ரீக்வெல்’ என்று நாம் சொல்லும் முன்கதை பெரும்பாலும் நமக்குத் தெரிந்த பாத்திரங்களின் இளமைக்குப் போகும். பழங்காலக் கிளைக்கதையில் நமக்குத் தெரிந்த ஆள் ஒருவர்கூடப் பிறந்திருக்கமாட்டார். உலகம் மட்டும்தான் அதே உலகம்.

படி 1: எவ்வளவு பின்னால்?

கதை என்ன என்று யோசிப்பதற்கு முன்பே இதை முடிவு செய்துவிடுங்கள். பத்து வருஷம் பின்னால் போவதும் பத்தாயிரம் வருஷம் பின்னால் போவதும் ஒரே வேலை இல்லை.

ரொம்பப் பக்கத்தில் போனால் என்ன ஆகும் என்பதற்கு ‘ஸ்டார் ட்ரெக்’ என்ற அமெரிக்க விண்வெளித் தொலைக்காட்சி வரிசையில் வந்த ‘ஸ்டார் ட்ரெக்: டிஸ்கவரி’ நல்ல உதாரணம். 2017-இல் வந்த இந்தத் தொடர், 1960-களின் மூலத்தொடர் நாயகனான கேப்டன் கிர்க்கின் பயணத்துக்கு ஏறக்குறைய பத்தாண்டு முன்னால் நடக்கிறது. அதில் ஒரு புது இயந்திரத்தைக் கொண்டுவந்தார்கள். காளான் வித்துகளின் வலைப்பின்னல் வழியாகக் கப்பல் கண்ணிமைக்கும் நேரத்தில் எங்கு வேண்டுமானாலும் போய் நிற்கும். நல்ல கற்பனைதான். ஆனால் பத்து வருஷம் முன்னாலேயே இப்படி ஒன்று இருந்தால், கிர்க் காலத்தில் ஏன் யாரும் அதைப் பற்றிப் பேசவே இல்லை? ரசிகர்கள் விடுவார்களா? கடைசியில் 2019-இல், இரண்டாவது பருவத்தின் முடிவில், கப்பலையும் ஆட்களையும் 900 ஆண்டுக்கும் மேல் எதிர்காலத்துக்கு அனுப்பிவிட்டு, இனி அந்தக் கப்பலைப் பற்றி யாரும் வாய் திறக்கக்கூடாது என்று ஆணை போட்டு முடித்தார்கள். பந்தியில் உப்பு கூடிப்போனதென்று அண்டாவையே தூக்கிக் கொல்லையில் கவிழ்த்த கதை.

நூறு வருஷம் பின்னால் போனால் கொஞ்சம் மூச்சு விடலாம். ஆனால் மூலக்கதையில் யாராவது போகிறபோக்கில் சொன்ன ஒரு வசனம் வந்து கழுத்தைப் பிடிக்கும். 1966-இல் ஒளிபரப்பான ஸ்டார் ட்ரெக் அத்தியாயம் ஒன்றில், ரோமுலர்கள் என்ற வேற்றுக்கிரக இனத்தோடு ஒரு நூற்றாண்டு முன்னால் போர் நடந்தது, ஆனால் மனிதர் யாரும் அவர்கள் முகத்தைப் பார்த்ததே இல்லை என்று ஒரு தகவல் வரும். 35 வருஷம் கழித்து, 2001-இல், அதே நூறாண்டு முந்தைய காலத்தை வைத்து ‘எண்டர்பிரைஸ்’ தொடரைத் தொடங்கியவர்களுக்கு அந்த ஒரு வரி கடைசிவரை விலங்காக இருந்தது. ரோமுலர்களைக் கதைக்குள் கொண்டுவரலாம், மனிதர் கண்ணில் மட்டும் காட்டக்கூடாது. போதாததற்கு 2002-இல் ஓர் அத்தியாயத்தில் அவர்களுடைய கப்பல் மாயமாய் மறைந்து தோன்றுவதாகக் காட்டிவிட்டார்கள். 1966 அத்தியாயத்திலோ அந்த மறையும் வித்தையைப் பார்த்து எல்லோரும் புதிதாக ஆச்சரியப்படுவார்கள். இன்றைக்கும் ரசிகர்கள் இதைச் சொல்லிச் சண்டை போடுகிறார்கள்.

ஆயிரக்கணக்கில் போனால் இந்தத் தொல்லை கிடையாது. ‘நைட்ஸ் ஆஃப் தி ஓல்ட் ரிபப்ளிக்’ என்ற ஸ்டார் வார்ஸ் கணினி விளையாட்டை உருவாக்கிய பயோவேர் நிறுவனத்துக்கு, அப்போது வரவிருந்த இரண்டாம் அத்தியாயத் திரைப்படத்தை ஒட்டிய காலத்தில் வைக்கிறீர்களா, 4,000 ஆண்டு முன்னால் வைக்கிறீர்களா என்று இரண்டு வழி கொடுக்கப்பட்டது. அவர்கள் 4,000 ஆண்டைத் தேர்ந்தெடுத்தார்கள். 2003-இல் வெளியான அந்த விளையாட்டில் யாரும் வாழலாம், யாரும் சாகலாம், யாரும் துரோகியாகலாம். அடுத்த படத்தில் அவர் வருகிறாரே என்று இயக்குநர் கையைப் பிடித்து நிறுத்தப்போவதில்லை.

என் அளவுகோல் இதுதான்: உங்கள் கதையில் நடப்பதைப் பார்த்த ஒருவர், அல்லது அவர் எழுதிவைத்த ஒரு காகிதம், மூலக்கதையின் காலம்வரை தாக்குப்பிடிக்க வாய்ப்பு இருக்கிறதா? இருந்தால் இன்னும் பின்னால் போங்கள்.

படி 2: கையோடு எடுத்துப்போக ஒரே ஒரு விதி

மூலக்கதையிலிருந்து பெயர், கொடி, இலச்சினை, பழைய வசனம் என்று மூட்டை கட்டிக்கொண்டு போகாதீர்கள். அந்த உலகம் எந்த விதியில் இயங்குகிறது என்பதை மட்டும் ஒரு வாக்கியமாக எழுதி மேசையில் ஒட்டிவையுங்கள். எனக்கு அந்த வாக்கியம் ‘அதிர்ந்தால் அகப்படுவாய்’.

இதை அழகாகச் செய்த படம் என்று நான் யாரிடமும் தயங்காமல் சொல்வது 2022-இல் வந்த ‘பிரே’. 1987-இல் தொடங்கிய ‘பிரெடேட்டர்’ வரிசையின் கிளைக்கதை. இயக்கியவர் டான் ட்ராக்டன்பெர்க். காலம் 1719, இடம் வட அமெரிக்கப் புல்வெளி, நாயகி நாரு என்ற கமான்சிப் பழங்குடிப் பெண். வேட்டைக்காரியாக வேண்டும் என்பது அவள் ஆசை. கூட்டத்து ஆண்கள் அவளை ஒரு பொருட்டாகவே மதிப்பதில்லை.

மூலப்படத்தின் விதிகள் இரண்டே. அந்த வேற்றுலக வேட்டைக்காரன் உடல் சூட்டை வைத்துப் பார்ப்பான், தனக்கு ஆபத்தில்லாதவரைத் தொடமாட்டான். 1987 படத்தில் அர்னால்ட் உடம்பெல்லாம் சேறு அப்பிக்கொண்டு அவன் பார்வையிலிருந்து தப்புவார். ‘பிரே’ எடுத்தவர்கள் அதே சேற்றை மறுபடி பூசிவிட்டிருந்தால் ரசிகர்கள் கைதட்டிவிட்டு மறந்திருப்பார்கள். அவர்கள் செய்தது வேறு. படத்தின் ஆரம்பத்திலேயே, காட்டுவிலங்கு குதறிய ஒருவனுக்கு நாரு ஓர் ஆரஞ்சு நிறப் பூவைக் கொடுக்கிறாள். ரத்தத்தைக் குளிரவைக்கும் மருந்து. அங்கே அது மருந்து மட்டும்தான், நாமும் அப்படியே எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுகிறோம். வெகுநேரம் கழித்து, கால் போன இன்னொருவனுக்கு அதே பூ. அப்போது வேட்டைக்காரன் வருகிறான். கீழே கிடக்கும் அந்த ஆள் அவன் கண்ணுக்குப் படவே இல்லை, மேலேயே மிதித்து நிற்கிறான். நாரு மறைந்திருந்து இதைப் பார்க்கிறாள். வசனம் ஒன்றும் கிடையாது. அவள் முகத்தில் ஒரு கணக்கு ஓடுவது மட்டும் தெரியும்.

விதி பழையது, அதைத் தாண்டும் வழி அந்த மண்ணிலிருந்தும் அந்தப் பெண்ணின் கைவைத்தியத்திலிருந்தும் வந்தது. இரண்டாவது விதியையும் பாருங்கள். ஆண்கள் அவளைப் பொருட்படுத்தாதது போலவே வேட்டைக்காரனும் அவளை ஆபத்தாக நினைக்காமல் விட்டுவிட்டுப் போகிறான். அவளுக்கு இருந்த அவமானமே அவள் கையில் ஆயுதமாகிறது. வேறு எந்தக் காலத்தில், வேறு யாரை நாயகியாக வைத்திருந்தாலும் இந்தக் கதை வராது. உங்கள் கதையையும் இப்படிச் சோதித்துப் பாருங்கள். காலத்தை மாற்றினாலும் கதை அப்படியே நிற்கிறது என்றால் உடையை மட்டும்தான் மாற்றியிருக்கிறீர்கள்.

படி 3: இல்லாதவற்றின் பட்டியல்

ஒரு முழுத்தாள் எடுத்து நடுவில் கோடு போடுங்கள். இடப்பக்கம், மூலக்கதையில் ஆட்கள் யோசிக்காமலே பயன்படுத்தும் பொருள், சொல், அறிவு எல்லாம். வலப்பக்கம், உங்கள் காலத்தில் அந்த இடத்தில் என்ன இருந்தது என்பது. வலப்பக்கம் காலியாக இருக்கும் ஒவ்வொரு வரியும் ஒரு காட்சி. சில சமயம் ஒரு பாத்திரமே கிடைக்கும்.

ஸ்டார் ட்ரெக் உலகத்தில் மொழிபெயர்ப்புக் கருவி எல்லோரிடமும் உண்டு. எந்தக் கிரகத்துக்காரன் பேசினாலும் நமக்குப் புரியும் மொழியில்தான் கேட்கும். நூறாண்டு முன்னால் அந்தக் கருவி அரைகுறை. அதனால் ‘எண்டர்பிரைஸ்’ கப்பலில் ஹோஷி சாடோ என்ற மொழியியலாளருக்கு இடம் கிடைத்தது. முன்பின் கேட்டிராத மொழியைக் காதால் பிடித்து, இலக்கணம் ஊகித்து, அவன் மிரட்டுகிறானா வரவேற்கிறானா என்று அவள் சொல்லவேண்டும். பின்னால் வந்த கப்பல்களில் அப்படி ஒருத்திக்குத் தினசரி வேலையே இருந்திருக்காது. ஆளைக் கரைத்து இன்னோர் இடத்தில் சேர்க்கும் டிரான்ஸ்போர்ட்டரும் அங்கே புதுசு. அதில் ஏறி நிற்க ஆட்கள் பயப்படுகிறார்கள். சிறு விண்கலத்தில் போய் இறங்குவதையே விரும்புகிறார்கள். பஸ் வந்த புதிதில் மாட்டுவண்டியே மேல் என்றவர்களை நினைத்துக்கொண்டேன்.

பட்டியலில் புதியவர்கள் விட்டுவிடுவது சொற்களைத்தான். ‘வேற்றுக்கிரகவாசி’ என்ற சொல் இல்லாத காலத்தில் அப்படி ஒரு எண்ணமும் எளிதில் வராது. நாரு தான் பார்த்ததைச் சின்ன வயதில் கேட்ட கதைகளில் வரும் பூதத்தோடு ஒப்பிட்டுத்தான் புரிந்துகொள்கிறாள். கடைசிவரை அது எந்த நட்சத்திரத்திலிருந்து வந்தது என்று அவளுக்குத் தெரியாது. தெரியத் தேவையும் இல்லை.

என் கதைக்கு வருகிறேன். நிலவுச் சுரங்கத்துக்கு ஈடாக, வானம் பார்த்த பூமியில் பாறைக்கிணறு வெட்டும் ஒரு குழுவை எடுத்துக்கொண்டேன். முதல் வரைவில் இப்படி எழுதியிருந்தேன்:

“மாமா, இது இந்த உலகத்தைச் சேர்ந்ததே இல்லை. வானத்திலிருந்து வந்த ஏதோ ஓர் உயிர், நம்முடைய அதிர்வுகளை உணர்கிறது” என்றான் முத்து.

முத்து பேசவில்லை இது, நான் அவன் முதுகுக்குப் பின்னால் நின்று பேசியிருக்கிறேன். திருத்தியது இது:

“மாமா, கீழ எவனோ தட்டுறான்.”

“எதிரொலிடா. பாறை பொள்ளலா இருந்தா அப்படித்தான் கேக்கும்.”

“நாம நிறுத்துன பொறவும் தட்டுறான் மாமா.”

மாமா பதில் சொல்லவில்லை. சம்மட்டியைக் கீழே வைக்கக் குனிந்தவர், வைக்காமல் மெல்லத் தோளில் சாய்த்துக்கொண்டார்.

அதிர்வு என்ற சொல்லே வரவில்லை. ஆனால் கீழே வைத்தால் சத்தம் வரும் என்று மாமாவின் உடம்புக்குத் தெரிந்துவிட்டது. மூலக்கதை படித்தவருக்கு விதி சட்டென்று பிடிபடும். படிக்காதவருக்கும் முதுகு சில்லிடும்.

படி 4: எதிராளியின் கருவியும் பழசாகட்டும்

மனிதர்களை மட்டும் பின்னால் தள்ளிவிட்டு, வேற்றுலகத்தாரை அப்படியே விட்டுவிடுவது சோம்பேறித்தனம். அவர்களுக்கும் முந்நூறு வருஷம் குறைந்திருக்கும் அல்லவா?

‘பிரே’யில் வரும் வேட்டைக்காரனிடம் தோளில் உட்காரும் அந்தப் பிரபலமான பிளாஸ்மா துப்பாக்கி கிடையாது. முகமூடியும் எலும்பால் செய்ததுபோல இருக்கும். அவன் எய்வது கூரிய அம்புக் குண்டுகள். முகமூடியிலிருந்து விழும் சிவப்பு ஒளி எங்கே படுகிறதோ அங்கே அவை தாமாகத் திரும்பிப் போய்ப் பாயும். ஏதோ அழகுக்காகச் செய்த மாற்றம் என்று தோன்றும். ஆனால் படத்தின் முடிவே இதில்தான் தொங்குகிறது. முகமூடி அவன் முகத்தில் இல்லாவிட்டாலும் குண்டு முகமூடி பார்க்கும் திசைக்கே போகும் என்பதை நாரு கவனித்துவிடுகிறாள். முகமூடியைக் கைப்பற்றி, அது எங்கே பார்க்கவேண்டுமோ அங்கே பார்க்கும்படி வைத்துவிட்டுக் காத்திருக்கிறாள். அவன் எய்த குண்டு அவனையே தேடிவருகிறது. கருவி பழசாக இருந்ததால்தான் அதில் ஓட்டை இருந்தது, ஓட்டை இருந்ததால்தான் அவளால் ஜெயிக்க முடிந்தது.

ஸ்டார் வார்ஸ் காமிக்ஸ்களில் ரொம்பப் பழைய காலத்து ஒளிவாள்களுக்கு இடுப்பில் ஒரு மின்கலப் பெட்டியும் அதிலிருந்து வாளுக்கு ஒரு வயரும் வரைந்திருப்பார்கள். எனக்கு ரொம்பப் பிடித்த விவரம். வயர் என்று வந்துவிட்டால் சண்டையில் யாரோ அதை வெட்டப்போகிறான் என்று உடனே மனசு கணக்குப் போடுகிறது. மாறாக மேலே சொன்ன 2003 விளையாட்டில், 4,000 ஆண்டு முன்னால் என்றாலும் வாளும் கப்பலும் ஏறக்குறையத் திரைப்படத்தில் வருவதுபோலவேதான் இருக்கும். விளையாடுபவருக்கு அது வசதி. எழுதுபவர் அதைப் பார்த்துச் சூடு போட்டுக்கொள்ளவேண்டாம்.

படி 5: நிஜமான காலம் என்றால் வீட்டுப்பாடம் உண்டு

கற்பனைக் கிரகத்தில் தப்பு செய்தால் ரசிகர் திட்டுவார். நிஜ மக்களின் வரலாற்றில் தப்பு செய்தால் அந்த மக்களைத் தப்பாகக் காட்டியவர் ஆவீர்கள். ‘பிரே’யின் தயாரிப்பாளர்களில் ஒருவரான ஜேன் மையர்ஸ் கமான்சி, பிளாக்ஃபீட் வழியில் வந்தவர். படம் முழுவதற்கும் கமான்சி மொழியில் ஒலித்தடம் செய்தார்கள். ஆங்கிலத்தில் பார்த்தவர்கள் ஒருமுறை அந்த மொழியிலும் பாருங்கள், வேறொரு படம் மாதிரி இருக்கும். 1719-இல் ஐரோப்பியர் கையில் இருந்தது ஒரு முறை சுட்டால் மறுபடி மருந்து இடிக்கவேண்டிய துப்பாக்கி. அந்த இடைவெளியில் எத்தனை பேர் சாகிறார்கள் என்பதை வைத்தே ஒரு சண்டைக் காட்சி அமைத்திருக்கிறார்கள். தோல் உரித்துப் போட்ட காட்டெருமைகள் வயல் நிறையக் கிடப்பதைப் பார்த்து, இது அந்தப் பூதத்தின் வேலை என்று நாரு நினைப்பாள். செய்தவர்கள் பிரெஞ்சு தோல் வியாபாரிகள். வரலாறு கதைக்குள் நுழைகிற விதம் இதுதான், முன்னுரையாக நிற்காமல் கதாபாத்திரத்தின் தவறான ஊகமாக வருகிறது.

நானும் கிணறு வெட்டிய ஒரு பெரியவர் முன்னால் போய் உட்கார்ந்தேன். என் வரைவில், ஆட்கள் வேலை செய்ய வெளிச்சம் வேண்டுமே என்று கிணற்றுக்குள் ஒரு விளக்கை இறக்கியிருந்தேன். கேட்டுவிட்டுச் சிரித்தார். “வெளிச்சத்துக்கா வெளக்கு எறக்குவாங்க? காத்து நல்லாருக்கான்னு பாக்கத்தான் எறக்குறது. அணைஞ்சா ஆளு எறங்கக்கூடாது.” விஷக்காற்றைச் சோதிக்கும் கருவி இல்லாத காலத்தின் கருவி அது. வீட்டுக்கு வந்ததும் அந்தக் காட்சியை அடித்துவிட்டு மறுபடி எழுதினேன். கயிற்றில் விளக்கு இறங்குகிறது. காற்று அசையவில்லை, சுடரும் அணையவில்லை. ஆனால் நுனி மட்டும் விடாமல் நடுங்குகிறது. இருபது பக்கமும் தராத பயத்தை அந்த ஒரு சுடர் தந்தது. புத்தகத்தில் தேடியிருந்தால் எனக்கு இது கிடைத்திருக்காது.

படி 6: கற்பனைக் காலம் என்றால்

இதில் பெரிய சிக்கல், நீண்ட காலத்தின் கனத்தை உணர்த்துவதுதான். 2024 நவம்பரில் எச்பிஓ-வில் தொடங்கிய ‘டியூன்: ப்ராபஸி’, ‘டியூன்’ மூலக்கதையின் நாயகன் பால் அட்ரைடிஸ் பிறப்பதற்கு 10,148 ஆண்டு முன்னால் நடக்கிறது. அங்கேயும் ஹார்கோனன் குடும்பம், அங்கேயும் அட்ரைடிஸ் குடும்பம், அங்கேயும் தீராப் பகை. பத்தாயிரம் வருஷத்துக்கு ஒரு பங்காளிச் சண்டையா என்று பார்த்தவர்கள் கேட்டார்கள், நியாயம்தான். ஒரு சங்கப் பாடலை உரை இல்லாமல் எடுத்துப் படித்துப் பாருங்கள். 2,000 ஆண்டு ஒரு மொழியை என்ன செய்யும் என்று நாலு வரியில் தெரிந்துவிடும். பத்தாயிரம் என்றால் ஐந்து மடங்கு.

ஆனால் டியூனுக்கு ஒரு சமாதானம் இருக்கிறது, அதைக் கவனிக்கவேண்டும். சிந்திக்கும் இயந்திரங்களோடு பெரும்போர் நடந்து, அப்படிப்பட்ட இயந்திரங்களையே தடை செய்துவிட்ட உலகம் அது. பேரரசர், பிரபுக் குடும்பங்கள், குழுமங்கள் என்று எல்லாரும் எதுவும் மாறாமல் பார்த்துக்கொள்வதிலேயே குறியாக இருக்கும் சமூகம். அங்கே தேக்கம் என்பது கதையின் கருவே. உங்கள் உலகத்தில் ஆயிரம் ஆண்டாக ஒன்று மாறவில்லை என்றால், யார் மாறவிடாமல் தடுத்தார்கள் என்று ஒரு வரியாவது எழுதிவைத்துக்கொள்ளுங்கள். அந்த வரி கதைக்குள் வராமலே போகலாம், உங்களுக்குத் தெரிந்திருக்கவேண்டும்.

படி 7: எல்லாவற்றுக்கும் பிறப்புச் சான்றிதழ் வழங்காதீர்கள்

பழைய காலத்துக்குப் போனதும் கை அரிக்கும். இந்த வாள் எப்படி வந்தது, இந்தப் பெயர் யார் வைத்தது, இந்தத் தழும்பு எங்கே பட்டது. ஸ்டார் வார்ஸ் நாயகர்களில் ஒருவனான ஹான் சோலோவுக்கு அந்தக் குடும்பப் பெயர் எப்படி வந்தது என்று உலகத்தில் யாரும் தூக்கமில்லாமல் தவிக்கவில்லை. 2018 படத்தில், கூட யாரும் இல்லாமல் வந்தவன் என்பதால் படைக்கு ஆள் எடுக்கும் அதிகாரி வைத்த பெயர் என்று காட்டினார்கள். ஒரு ரகசியம் போனது, பதிலுக்கு ஒன்றும் வரவில்லை. ‘ஏலியன்’ முதல் படத்தில், 1979-இல், நாற்காலியோடு நாற்காலியாகக் கல்லாகிப்போன ஒரு பிரம்மாண்ட உருவம் வரும். அது என்ன என்று தெரியாமல் முப்பது வருஷம் எத்தனையோ பேர் கனவு கண்டார்கள். 2012-இல் ‘ப்ரோமிதியஸ்’ வந்து, அது ஓர் உடுப்பு, உள்ளே இருந்தது வெளுத்த, உயரமான மனிதன் மாதிரி ஓர் ஆள் என்றது. எனக்கு அன்றைக்கு ஏற்பட்ட ஏமாற்றம் இன்னும் தீரவில்லை.

ஸ்டார் ட்ரெக்கில் வரும் கிளிங்கான்கள் என்ற வேற்றுக்கிரக இனத்தின் நெற்றிக் கதை இதைவிட வேடிக்கை. 1960-களில் ஒப்பனைக்குப் பணம் இல்லாததால் நெற்றி வழவழப்பு. 1979 திரைப்படத்தில் பணம் வந்தது, நெற்றியில் மேடுபள்ளம் வந்தது. 1996-இல் ஓர் அத்தியாயத்தில் கிளிங்கானான வோர்ஃபிடமே இதைக் கேட்பார்கள். அதைப் பற்றி வெளியாட்களிடம் நாங்கள் பேசுவதில்லை என்று ஒரே வரியில் முடித்துக்கொள்வான். அரங்கமே சிரித்திருக்கும். அதோடு விட்டிருக்கலாம். 2005-இல் ‘எண்டர்பிரைஸ்’ தொடர் இரண்டு அத்தியாயம் செலவழித்து, ஒரு வைரஸ்தான் காரணம் என்று விளக்கியது. கதையாக மோசமில்லை, ஆனால் வோர்ஃபின் ஒரு வரியே எனக்குப் போதுமாக இருந்தது.

உங்கள் வரைவில் தோற்றக்கதைகளை எண்ணுங்கள். ஒன்றுக்கு மேல் இருந்தால் அடியுங்கள்.

படி 8: நடந்ததைப் புதைத்துவிட்டு வாருங்கள்

மூலக்கதையில் மனிதர்கள் அந்த உயிரை முதன்முதலாகச் சந்திக்கிறார்கள். முந்நூறு வருஷம் முன்னாலேயே சந்தித்திருந்தால், அந்தச் செய்தி எங்கே போனது? இதற்குப் பதில் வேண்டும், ஆனால் அது டிஸ்கவரி செய்ததுபோல் ஆணையாக இருக்கவேண்டாம்.

பிரெடேட்டர் வரிசையில் ஒரு துப்பாக்கி உண்டு. 1990-இல் வந்த இரண்டாம் பாகத்தின் முடிவில், வேற்றுலகத்தார் நாயகனிடம் ஒரு பழைய கைத்துப்பாக்கியைக் கொடுப்பார்கள். அதில் ரஃபேல் அடோலினி என்ற பெயரும் 1715 என்ற ஆண்டும் பொறித்திருக்கும். இவர்கள் ரொம்பக் காலமாக வந்துபோகிறார்கள் என்று ஒரு நொடியில் உணர்த்திய பொருள் அது. 1996-இல் ஒரு சிறு காமிக்ஸ் அதை ஒரு கடற்கொள்ளைத் தலைவனின் துப்பாக்கி என்றது. ‘பிரே’ அதைக் கண்டுகொள்ளாமல், அடோலினியை பிரெஞ்சுக்காரர்களோடு வந்த மொழிபெயர்ப்பாளனாக்கி, துப்பாக்கியை நாருவின் கையில் சேர்த்தது. கால் போய், பூ தின்று, மிதிபட்ட ஆள் அவன்தான். அவள் கையிலிருந்து வேட்டைக்காரர்களிடம் எப்படிப் போனது என்பதைப் படம் சொல்லவில்லை. 2025-இல் வந்த ‘பிரெடேட்டர்: கில்லர் ஆஃப் கில்லர்ஸ்’ அசைபடம் 841, 1609, 1942 என்று மூன்று காலங்களில் இதே வேட்டையைக் காட்டி, பிழைத்தவர்களை அவர்கள் தூக்கிக்கொண்டே போய்விடுகிறார்கள் என்றது. சாட்சி பூமியிலேயே இல்லை என்றால் செய்தி எப்படிப் பரவும்?

நான் செய்தது இன்னும் எளிது. கிணற்றைத் தூர்த்துவிட்டார்கள். நாலைந்து தலைமுறை கழித்து, அந்தக் காட்டுப்பக்கம் பொழுது சாய்ந்தபின் யாரும் உரலில் குத்துவதில்லை என்ற வழக்கம் மட்டும் மிச்சம். ஏன் என்று கேட்டால் பாட்டிமாருக்கே தெரியாது. செய்தி செத்துவிட்டது, பழக்கம் பிழைத்தது.

படி 9: உரிமை

உங்கள் சொந்த உலகம் என்றால் இதைத் தாண்டிப் போங்கள். அடுத்தவருடைய உலகத்தில் எழுதுகிறீர்கள் என்றால், அது ரசிகர் படைப்பு, விற்கமுடியாது என்று முதலிலேயே மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள். ‘ஆக்ஸனார்’ என்ற ரசிகர் படம் கிர்க் காலத்துக்கு முந்தைய ஒரு போரைச் சொல்ல வந்தது. பொதுமக்களிடம் பத்து லட்சம் டாலருக்கு மேல் நிதி திரட்டினார்கள். 2015 டிசம்பரில் உரிமையாளர்களான சிபிஎஸ்ஸும் பாரமவுண்டும் வழக்குப் போட்டன. 2016 ஜூனில் ரசிகர் படங்களுக்கு விதிமுறை வந்தது: ஒரு கதை 15 நிமிடத்தைத் தாண்டக்கூடாது, இரண்டு பகுதியாக எடுத்தாலும் மொத்தம் 30 நிமிடம், திரட்டும் நிதி 50,000 டாலருக்குள். 2017 ஜனவரியில் வழக்கு சமரசத்தில் முடிந்தது. சட்ட நுணுக்கம் வழக்கறிஞர் வேலை. பணம் கைமாறுவதற்கு முன்னால் ஒருவரைக் கேட்டுவிடுங்கள்.

படி 10: இரண்டு வாசகர்கள்

ஒருவர் மூலக்கதையை வரிவிடாமல் படித்தவர். இன்னொருவருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியக்கூடாது. முதலாமவர் பிழை கண்டுபிடிப்பார். வாங்கி வைத்துக்கொண்டு, திருத்தலாமா வேண்டாமா என்று நீங்கள் முடிவு செய்யுங்கள். இரண்டாமவரிடம் பிடித்ததா என்று கேட்காதீர்கள், மரியாதைக்கு ஆமாம் என்பார். எந்தப் பக்கத்தில் கைபேசியை எடுத்தீர்கள் என்று கேளுங்கள். அந்தப் பக்கத்தில் பெரும்பாலும் மூலக்கதை ரசிகருக்கு நீங்கள் கண் சிமிட்டிக்கொண்டிருப்பீர்கள்.

என் சித்தி மகள்தான் எனக்கு இரண்டாமவள். நிலவுக் கதைகள் எதையும் படித்ததில்லை. பதினோராம் பக்கத்தில் கைபேசியை எடுத்தேன் என்றாள். முத்து ராத்திரியில் நிலவை அண்ணாந்து பார்த்து, காரணமே இல்லாமல் பெருமூச்சு விடும் பக்கம் அது. எடுத்துவிட்டேன். விளக்கு நடுங்கும் பக்கத்தைப் பற்றிக் கேட்டேன். “அதை விடு. அந்த மாமா சம்மட்டியைக் கடைசில எங்க வச்சாரு?” என்றாள். அதை நான் எழுதியிருக்கவில்லை. இன்றைக்கு ராத்திரி உட்காரவேண்டும்.